பொருளறிந்து ஓதிய பிள்ளைகள்: பேகம் ரொக்கேயாவின் வாழ்வும் பாடசாலையும்

பிள்ளைகள் பாடசாலையில் எதைக் கற்க வேண்டும், எந்த நூலை வாசிக்க வேண்டும், எந்த மொழியில் கற்க வேண்டும் என்ற வாதம் எல்லாச் சமூகங்களிலும் ஏதோவொரு காலத்தில் எழுந்திருக்கின்றது. அந்த வாதங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. யாரைப் பற்றிப் பேசுகின்றார்களோ அந்தப் பிள்ளை சுவருக்கு அப்பால் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிச் சுவருக்கு அப்பால் இருந்த ஒரு பெண்பிள்ளை வளர்ந்து, தானே ஒரு பாடசாலையைத் தொடங்கி, அந்த வாதத்துக்குள் துணிந்து நுழைந்த வரலாறுதான் வங்காளத்து முஸ்லிம் எழுத்தாளர் பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் அவர்களின் வரலாறு.

ரொக்கேயா 1880 டிசெம்பர் 9 ஆம் திகதி ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்த் என்னும் கிராமத்தில் பிறந்தார். அன்று பிரித்தானிய இந்தியாவின் வங்காள மாகாணத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று பங்களாதேஷில் உள்ளது. தந்தை நிலக்கிழார், பல மொழிகள் அறிந்தவர். ஆண்மக்களைக் கல்கத்தாவின் சென் சேவியர் கல்லூரிக்கு அனுப்பி ஆங்கிலம் கற்பித்தார். பெண்மக்களுக்கோ வீட்டு முற்றமே எல்லையாக இருந்தது. ஐந்து வயதிலிருந்தே ரொக்கேயா அந்நிய ஆண்களிடமிருந்து மட்டுமன்றி, வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாத பெண்களிடமிருந்தும் மறைந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்காலத்து வங்காளத்தில் செல்வாக்குப் பெற்ற முஸ்லிம் குடும்பங்கள் உருது பேசுவதையே கௌரவமாகக் கருதின. ஊர் மக்கள் பேசும் வங்காள மொழியை அவை தாழ்வாக நோக்கின. பெண்பிள்ளைகளுக்கு அல்குர்ஆனை ஓதக் கற்பிப்பார்கள். ஆனால் பொருள் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். நல்லொழுக்கம் பேசும் சில உருது நூல்களை வாசிக்க இடமளிப்பார்கள். வங்காளமும் ஆங்கிலமும் படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்ற பயம் இருந்தது. எனவே அந்த வீட்டில் மகன்மார் வாசிக்கும் நூலை மகள் தொடுவதே குற்றமாயிற்று.

இந்தத் தடையை முதலில் மீறியவர் ரொக்கேயாவின் மூத்த சகோதரி கரீமுன்னிஸா. அவர் வங்காள எழுத்துக்களைத் தாமாகவே கற்றுக்கொண்டார். விடயம் வெளியே தெரிந்ததும் உறவினர்கள் கூச்சலிட்டார்கள். படிப்பு நின்றது, பதினைந்து வயது நிறையுமுன்பே திருமணமும் முடிந்தது. இருந்தும் அவர் இளையவளைக் கைவிடவில்லை. வங்காள மொழியை மறந்துவிடாதிருக்கும்படி தங்கைக்கு ஊக்கமளித்துக்கொண்டே இருந்தார். மூத்த சகோதரர் இப்ராஹீம் இன்னொரு வழியில் உதவினார். வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார். ரொக்கேயாவுக்குக் கிடைத்த பாடசாலை அந்த மெழுகுவர்த்தி மட்டுமே. பிற்காலத்தில் தமது நூல்களில் ஒன்றைச் சகோதரிக்கும் மற்றொன்றைச் சகோதரருக்கும் அவர் சமர்ப்பணம் செய்தார்.

பதின்ம வயதிலேயே அவருக்குத் திருமணமாயிற்று. கணவர் சகாவத் ஹுசைன் பீகாரின் பாகல்பூரில் உதவி நீதவானாகக் கடமையாற்றியவர், மனைவியை இழந்தவர், ரொக்கேயாவை விட வயதில் மிகவும் மூத்தவர். உருது பேசும் குடும்பத்தில் வந்த அவர், மனைவி வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதைத் தடுக்கவில்லை, மாறாக ஊக்குவித்தார். பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்துபோயின. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் ரொக்கேயா எழுதினார். பெண்கள் பின்தங்கிய காரணத்தை ஆராய்ந்து சஞ்சிகையொன்றில் அவர் எழுதிய கட்டுரைக்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மோதிச்சூர் என்னும் தொகுப்பு நூலில் அக்கட்டுரை சேர்க்கப்பட்டபோது அதன் சில பந்திகள் நீக்கப்பட்டிருந்தன. எதைப் படிக்கலாம் என்ற வாதம் அவரைச் சிறுமியாக இருக்கும்போது துரத்தியது. எழுத்தாளரான பிறகும் விட்டுவைக்கவில்லை.

1905 ஆம் ஆண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்ற கதை வெளிவந்தது. மதராஸில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய இந்தியன் லேடீஸ் மகஸீன் என்ற சஞ்சிகையே அதனை வெளியிட்டது. வங்காளத்துப் பெண்ணின் கனவை முதலில் அச்சேற்றியது தமிழ் வழங்கும் ஒரு நகரம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கதையில் வரும் நாட்டில் ஓர் அரசி எல்லாப் பெண்களும் கற்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றாள். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்றும் விதிக்கின்றாள். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்று முகில்களிலிருந்து நீரைப் பெறுகின்றது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றது. படைபலத்தை நம்பியிருந்த ஆண்கள் இந்த ஆராய்ச்சிகளைக் கண்டு சிரிக்கின்றார்கள். எதிரி படையெடுத்து வந்தபோது அந்தப் படை தோற்கிறது. அப்போது ஒரு பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் புறப்பட்டு, சேமித்த வெப்பத்தை எதிரிமீது திருப்பி நாட்டைக் காப்பாற்றுகின்றாள். பாடசாலை வாசலையே மிதித்திராத ஒரு பெண் விஞ்ஞானக் கல்வியைப் பற்றி இப்படிக் கற்பனை செய்தார் என்பதே வியப்பு.

1909 இல் கணவர் காலமானார். பெண்கள் பாடசாலையொன்றை அமைப்பதற்காக அவர் 10,000 ரூபாவை ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளுடன் ரொக்கேயா பாடசாலையைத் தொடங்கினார். ஆனால் குடும்பத்தில் எழுந்த சொத்துப் பிணக்கினால் அவ்வூரிலே நிலைக்க முடியவில்லை. கல்கத்தாவுக்குச் சென்றார். 1911 மார்ச் 16 ஆம் திகதி, வலியுல்லாஹ் ஒழுங்கையின் 13 ஆம் இலக்க வீட்டில் எட்டு மாணவியருடன் சகாவத் ஞாபகார்த்தப் பெண்கள் பாடசாலை மீண்டும் உதயமானது.

தாம் ஒருநாளும் மாணவியாக இருந்திராத ஓரிடத்துக்கு அதிபராவது எப்படி? ரொக்கேயா ஏனைய சமயத்தவர் நடத்திய பெண்கள் பாடசாலைகளுக்குச் சென்று, வகுப்பறை எவ்வாறு நடக்கின்றது என்பதைக் கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொண்டார். முஸ்லிம் வீடுகளுக்குச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைத் தரும்படி கேட்டார். பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியைகள் வங்காளத்தில் கிடைக்காதபடியால் மதராஸ், கயா, ஆக்ரா போன்ற தூர இடங்களிலிருந்து வரவழைத்தார். ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க ஒரு நிறுவனம் தேவை என்று அவர் வலியுறுத்தி வந்ததன் பயனாக, 1919 இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையை அரசாங்கம் நிறுவியது.

இனி, அந்தப் பாடசாலையில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். விளக்கத்துடன் அல்குர்ஆன், உருது, பாரசீகம், ஆங்கிலம், வங்காளம், முதலுதவி, நோயாளர் பராமரிப்பு, சமையல், தையல், உடற்பயிற்சி, இசை ஆகியன இடம்பெற்றன. இந்தப் பட்டியலிலே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சண்டை இருந்தது. ஆங்கிலம் கற்றால் மார்க்கம் போய்விடும் என்றனர் சிலர். உடற்பயிற்சி பெண்ணுக்கு எதற்கு என்றனர் வேறு சிலர். அல்குர்ஆனை ஓதுவதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் ரொக்கேயாவுக்கு வெறும் ஓதல் போதவில்லை. கிளிப்பிள்ளை போல ஒப்புவிப்பதை அவர் கல்வியாக ஏற்கவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் பொருளைச் சொல்லி, அதன் போதனையை வாழ்வில் எடுத்து நடக்கச் செய்ய வேண்டும் என்பதே அவர் கொள்கை. அறிவு தேடுவதை இஸ்லாம் ஆண் பெண் இருபாலார்க்கும் கடமையாக்கியிருக்க, அதைத் தடுப்பவர்களே மார்க்கத்துக்கு மாறு செய்கின்றார்கள் என்று அவர் வாதிட்டார். 1926 இல் கல்கத்தாவில் நடந்த வங்காளப் பெண் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோதும் இந்தக் கருத்திலிருந்து அவர் இறங்கவில்லை.

எனினும் எல்லா இடத்திலும் அவர் நினைத்தது நடக்கவில்லை. மொழி விடயத்தை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தை உயிராக நேசித்து, அந்த மொழியிலேயே நூல்கள் எழுதியவர் அவர். ஆனால் அவரது பாடசாலையின் போதனாமொழி உருதுவாக இருந்தது. கல்கத்தாவில் மகள்மாரைப் படிக்க அனுப்ப முன்வந்த முஸ்லிம் குடும்பங்களில் அதிகமானவை உருது பேசியவை. வங்காளப் பிரிவொன்றை ஆரம்பித்துப் பார்த்தார். போதிய மாணவியர் சேரவில்லை. மூட வேண்டி வந்தது. பல ஆண்டுகளின் பின்னர் மறுபடியும் தொடங்கினார்.

பர்தா விடயத்திலும் அப்படியே. பெண்ணின் கண்ணியமான உடையை ரொக்கேயா எதிர்க்கவில்லை. புர்கா பற்றி எழுதிய கட்டுரையில் அதனை ஆதரித்தே எழுதினார். அவர் எதிர்த்தது பெண்ணை வெளிச்சமும் காற்றும் அறிவும் எட்டாத அறைக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்தை. அவ்வழக்கத்தின் கொடுமைகளை நாற்பத்தேழு சிறு சம்பவங்களாகத் தொகுத்து 1931 இல் அவரோத்பாசினி என்னும் நூலாக வெளியிட்டார். அவற்றுள் இறுதிச் சம்பவம் அவருடைய பாடசாலை பஸ் பற்றியது.

பிள்ளைகளை ஏற்றிவர வாங்கிய அந்த வண்டி நாற்புறமும் மூடப்பட்டிருந்தது. உள்ளே ஒரே இருட்டு. பிள்ளைகள் பயந்து அழுதார்கள்; வாந்தி எடுத்தார்கள்; சிலர் மயங்கி விழுந்தார்கள். தாய்மார் முறையிட்டார்கள். ஆகவே அடைப்பை அகற்றி, அவ்விடத்தில் துணித்திரை தொங்கவிடப்பட்டது. உடனே வேறு பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தன. காற்றில் திரை அசைகின்றது, பர்தா கெடுகின்றது, இதைத் திருத்தாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பிள்ளைகள் வராதபடி செய்வோம் என்று மிரட்டினார்கள். மூடினால் பிள்ளை மயங்குகின்றது, திறந்தால் பாடசாலை மூடப்படும் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ரொக்கேயா தமது பாடசாலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

இதனால் அவருக்கு இரு பக்கமும் குறை சொன்னார்கள். பழைமைவாதிகளுக்கு அவர் வரம்பு மீறிய பெண். இன்று வாசிப்பவர்களில் சிலரோ, எழுத்தில் அவ்வளவு துணிந்தவர் பாடசாலையில் ஏன் அவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று கேட்கின்றார்கள். சூரிய வெப்பத்தைப் பெண்கள் ஆளும் கதையை எழுதியவர், தமது மாணவியருக்குச் சமையலும் தையலும் கற்பித்தது ஏன் என்றும் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வகுப்பறைக்கு வராத பிள்ளைக்கு மிகச் சிறந்த பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியைத் தகப்பன் நிறுத்திக்கொண்டால் ஏழு. அந்தக் கணக்கைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தவர் அவர். திரையையும் மொழியையும் பற்றிய விடயங்களில் இறங்கிப்போனார். பிள்ளை பொருளறிந்து படிக்க வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் இறங்கவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்தறிந்ததே அவரது பெருமை என்று நான் எண்ணுகின்றேன்.

எட்டுப் பேருடன் தொடங்கிய பாடசாலை சில ஆண்டுகளில் நூறளவு மாணவியரைக் கண்டது. அவரது இறுதிக் காலத்தில் உயர்நிலைப் பாடசாலையாகவும் வளர்ந்தது. 1916 இல் அவர் அமைத்த முஸ்லிம் பெண்கள் சங்கம் ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் கைகொடுத்தது. 1932 டிசெம்பர் 9 ஆம் திகதி அதிகாலையில் ரொக்கேயா இறையடி சேர்ந்தார். பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாயின. பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமீது கிடந்தது. அந்த நாளைப் பங்களாதேஷ் இன்று ரொக்கேயா தினமாகக் கொண்டாடுகின்றது. கல்கத்தாவில் அவரது பாடசாலை இன்னமும் இயங்குகின்றது. எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.

பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போகலாமா என்ற கேள்வி நமது ஊர்களில் முடிந்துபோன ஒன்று. ஆனால் எந்தப் பாடம் நமக்குப் பொருந்தும், எந்த நூல் நமக்கு ஆகாது, எது வரைக்கும் படித்தால் போதும் என்ற பேச்சு இன்னும் நம் தலைக்கு மேலால் போய்க்கொண்டுதான் இருக்கின்றது. அப்படிப் பேசும் பெரியவர்களில் அநேகர் நம்மீது அன்புள்ளவர்களே. ரொக்கேயாவின் தந்தையும் தம் மகளை வெறுத்தவர் அல்லர். அதனால்தான் இந்த வரலாறு நமக்கு முக்கியமாகின்றது. பாடத்திட்டத்தைப் பற்றி வாதிடும் எவரிடமும் நாம் இரண்டு கேள்விகளை மரியாதையோடு கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பொருள் விளங்குகின்றதா? அவள் வகுப்பறையில் இருக்கின்றாளா? கல்கத்தாவின் ஓர் ஒழுங்கையில் எட்டுப் பிள்ளைகளின் முன்னால் நின்ற அந்தப் பெண்மணி இந்த இரண்டுக்கும் விடை தேடியே தமது ஆயுளைச் செலவிட்டார்.