ராமானுஜன் தெரியும்... சி.பி.ராமானுஜம் தெரியுமா?

சீனிவாச ராமானுஜனைத் தேடினால் கூகுளில் இவரும் எட்டிப் பார்ப்பார். ஆனா, ஆள் வேற. சி.பி.ராமானுஜம் 1938-ல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் பிரெஞ்சு பாதிரியார் ரசீனிடம் கணிதம் படித்து, 1957-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய முக்கியத் துறை இயற்கணித வடிவியல். அதாவது, சமன்பாடுகளுக்குள் ஒளிந்திருக்கும் வடிவங்களைப் படிப்பது.

1964-ல் அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரிந்தது. கூடவே கடும் மனச்சோர்வு. சண்டிகரில் பேராசிரியர் வேலைக்குப் போனவர், ஒரு வருஷம்கூட முடியாமல் திரும்பினார். இதோடு கதை முடிஞ்சிருக்கும்னு நினைப்போம். பெரிய வேலைகள் இதுக்கு அப்புறம்தான்!

நாகல் நகர் ஜவுளிக் கடையில் ஒரு சேலையை விரித்து, அது மேல நூல் வளையம் ஒன்றை வைங்க. இழுத்தால் வளையம் புள்ளியாகச் சுருங்கிடும். நடுவில் தூண் இருந்தால் மாட்டிக்கும். எங்கேயும் மாட்டாத, தானே ஒரு புள்ளியாகச் சுருங்கக்கூடிய பரப்பு என்றால், அது சமதளம்தானே?

இல்லை என்று 1971-ல் காட்டினார். அவர் கையாண்டது கலப்பெண் பரப்புகள்; கண்ணால் பார்க்க முடியாது. அப்படி ஒரு பரப்பில் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும், முடிவிலிக்குப் பக்கத்தில் வளையம் மாட்டியது. அங்கேயும் மாட்டாவிட்டால் அது சமதளமேதான் என்பதையும் நிரூபித்தார்.

அடுத்த வருஷமே, ஜப்பானின் கொடைராவுடைய தேற்றத்தை, பரப்புகள் வரைக்கும் விரித்தார். கவமாட்டாவும் ஃபீவெக்கும் 1982-ல் அதை எல்லாப் பரிமாணங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1974 அக்டோபர் 27-ல் பெங்களூருவில் இறந்தபோது வயது 36. சமதளம் மாதிரியே இருந்து சமதளமாக இல்லாத அந்தப் பரப்புக்கு இப்போது ராமானுஜம் பரப்பு என்றே பெயர்.