ஊமத்தம்பூ வைத்தியர்

வேலி ஓரத்திலும் குப்பைமேட்டிலும் ஊமத்தைச் செடி வளர்ந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழல் போல நீண்ட வெள்ளைப் பூ. உடம்பெல்லாம் முள்ளாக உருண்டைக் காய். குழந்தைகள் அதைப் பறித்துவிட்டால் தாய்மார்கள் பதறிப்போய்க் கையைத் தட்டிவிடுவார்கள். காரணம், அது விஷம். தின்றால் புத்தி பேதலிக்கும். அளவு மீறினால் உயிரே போய்விடும்.

அந்த விஷச் செடியை வைத்துக்கொண்டு, மார்பில் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு உதவ முடியும் என்று நம்பினார் ஒரு மனிதர். இருபது ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டார். கடைசியில் வெற்றியும் பெற்றார். ஆனால் அந்த வெற்றிக்காக அவருடைய வீட்டில் ஒருத்தி இழந்தது கொஞ்சமல்ல.

அவர் பெயர் ஹனவோகா செய்ஷூ. ஜப்பான் தேசத்து வைத்தியர்.

கிராமத்துப் பிள்ளை

செய்ஷூ 1760-ஆம் ஆண்டு பிறந்தார். ஊர் ஹிராயாமா என்ற சிறிய கிராமம். இன்று அது வாகயாமா மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனாரும் வைத்தியர்தான். பச்சிலை, வேர், பட்டை இவற்றின் வாசனை நிறைந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தார்.

1782-ல் படிப்பதற்காகக் கியோட்டோ நகரத்துக்குப் போனார். அங்கே இரண்டு விதமான வைத்தியம் கற்றார். ஒன்று, சீனாவிலிருந்து வந்த மூலிகை வைத்தியம். இன்னொன்று, டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரண வைத்தியம், அதாவது கத்தி வைத்துச் செய்யும் சிகிச்சை. அந்தக் காலத்தில் ஜப்பான் தன் வாசல் கதவை வெளிநாட்டாருக்கு அடைத்து வைத்திருந்தது. மேல்நாட்டாரில் டச்சு வியாபாரிகள் மட்டும் நாகசாகி துறைமுகத்தில் தங்கலாம். மேல்நாட்டு அறிவு அந்தச் சிறு சந்து வழியாகத்தான் உள்ளே கசிந்தது.

மார்பில் வந்த புற்றுக்கட்டியை மேல்நாட்டார் அறுத்து எடுக்கிறார்கள் என்று ஒரு நூலில் எழுதியிருந்தது. அது செய்ஷூவின் மனதில் ஊன்றிவிட்டது. ஏனென்றால் ஜப்பானில் அந்தக் கட்டியைத் தொடவே வைத்தியர்கள் அஞ்சினார்கள். மார்பில் கத்தி வைத்தால் பெண் பிழைக்கமாட்டாள் என்ற எண்ணம் பரவியிருந்தது.

அறுப்பது ஒருபுறம் இருக்கட்டும். வலியை எப்படித் தாங்குவது? மேல்நாட்டில் அறுத்தார்கள் என்றால் நோயாளி விழித்திருக்கும்போதே அறுத்தார்கள். பானி பர்னி என்ற ஆங்கிலக் கதாசிரியைக்கு 1811-ல் பாரிஸ் நகரில் அப்படித்தான் ஆபரேஷன் நடந்தது. நெப்போலியனின் படை வைத்தியரே செய்தார். அந்த அம்மாள் வேதனையோடு கதறினார். பிழைத்து, பிறகு அதைக் கடிதமாக எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்கும்.

பழைய சீனத்துக் கதை

ஹுவா டோ என்று ஒரு சீன வைத்தியர் இருந்தார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்தியவர். அவர் ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்து நோயாளியை மயங்கச் செய்து, வயிற்றைக் கீறிச் சிகிச்சை செய்தார் என்று சீன நூல்கள் சொல்கின்றன. ஆனால் மருந்து என்ன என்பது மறைந்துபோயிற்று.

அந்த மருந்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது என்று செய்ஷூ முடிவு செய்தார். 1785-ல் ஊர் திரும்பினார். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் செடிகளோடு போராட்டம். முக்கியமான சரக்கு ஊமத்தை. அதற்கு அடுத்தது வத்சநாபி இனத்துக் கிழங்கு. அதுவும் கொடிய விஷந்தான், இதயத்தையே நிறுத்திவிடும். இவற்றோடு வேறு சில வேர்களையும் சேர்த்தார். கொஞ்சம் குறைந்தால் மயக்கம் வராது. கொஞ்சம் கூடினால் பிணம். நடுவே உள்ள அந்தச் சின்ன அளவைத்தான் அவர் தேடினார்.

முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் மிருகத்துக்குச் சரியாக இருப்பது மனிதருக்கும் சரியாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது? யாராவது ஒருவர் குடித்துத்தான் பார்க்க வேண்டும். யார் முன்வருவார்கள்?

மாமியாரும் மருமகளும்

வீட்டில் இரண்டு பெண்கள். தாயார் ஒட்சுகி, மனைவி காயே. இருவருமே மருந்தைக் குடிக்க முன்வந்தார்கள் என்றும், காயே பலமுறை குடித்தார் என்றும், அதன் பலனாகக் காயேயின் இரண்டு கண்களும் பார்வை இழந்தன என்றும் அந்த ஊர் வழிவழியாகச் சொல்லி வருகிறது.

அது நடக்கக்கூடியதுதான். ஊமத்தையின் சத்து கண்ணின் கருமணியை விரித்துவிடும். சிலருக்குக் கண்ணின் உள்ளே அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அந்த அழுத்தம் பார்வையையே பறிக்கும். இன்று கண் டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காயேக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

கணவனுக்கு எப்படி இருந்திருக்கும்! மருந்து பலித்துவிட்டது, மனைவி நாள் முழுவதும் தூங்கி எழுந்தாள் என்று மகிழ்வதா? எழுந்தவள் விளக்கை ஏற்றச் சொல்கிறாளே, பொழுது விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டதே என்று அழுவதா?

இந்த மாமியார் மருமகள் கதையை 1966-ல் சவாகோ அரியோஷி என்ற ஜப்பானிய எழுத்தாளர் நாவலாக எழுதினார். அடுத்த ஆண்டே அது சினிமாப் படமாகவும் வந்தது. பிறகுதான் செய்ஷூவின் பெயர் ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. சரித்திரப் புத்தகத்துக்கு வைத்தியர் மட்டும் போதும். குடும்பத்துப் பெண்களைத் தேடிப்போக ஒரு நாவல் வேண்டியிருந்தது.

அந்த நாள்

1804-ஆம் ஆண்டு. ஜப்பானியரின் பழைய பஞ்சாங்கப்படி பத்தாவது மாதம், 13-ஆம் நாள். நோயாளியின் பெயர் கான். வயது 60. இடது மார்பிலே கட்டி. அவருடைய குடும்பத்தில் மற்றவர்களையும் இதே நோய் கொண்டுபோயிருந்தது. தனக்கும் அந்தக் கதிதான் என்று கானுக்குத் தெரியும். இருந்தும், யாரும் செய்யாததைச் செய்யப் பார்க்கும் ஒரு கிராமத்து வைத்தியரை நம்பிப் படுத்தார்.

கஷாயத்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் அம்மையார் ஆழ்ந்து உறங்கிவிட்டார். செய்ஷூ மார்பைக் கீறி, கட்டியை மட்டும் வெளியே எடுத்தார். கான் அசையவில்லை. அலறவில்லை. கத்தி பட்டதே தெரியாமல் தூங்கி, பிறகு கண் விழித்தார்.

நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்திச் செய்த ஆபரேஷன்களில், சந்தேகமில்லாமல் எழுதி வைக்கப்பட்ட முதல் ஆபரேஷன் இதுதான் என்று இன்று பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதர் மயக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டியது 1846-ல். செய்ஷூ அதற்கு 42 ஆண்டுகள் முந்திவிட்டார்.

செய்தி பரவியது. நாலு திசையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஆயுள் முடிவதற்குள் 150-க்கும் மேற்பட்ட மார்புப் புற்றுநோயாளிகளுக்கு அவர் ஆபரேஷன் செய்தார். தம் வீட்டிலேயே ஷுன்ரின்கென் என்ற பள்ளியை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். ஆனால் மருந்தின் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று மாணவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். விஷம் தவறான கையில் சிக்கக்கூடாது என்ற பயம் நியாயமே. ஆயினும் அந்தப் பூட்டினால் உலகத்துக்கு நஷ்டம் என்றே தோன்றுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறவும் அவர் ஒரு களிம்பு செய்தார். ஒருவகைச் சிவந்த வேர், நல்லெண்ணெய், தேன்மெழுகு, பன்றிக் கொழுப்பு முதலியவை சேர்ந்தது. ஊதா நிறமாக இருக்கும். ஊதா மேகக் களிம்பு என்று அதற்குப் பெயர். ஜப்பானில் இன்றும் அது விற்பனையாகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊமத்தை புற்றுநோயைத் தீர்க்கும் என்று செய்ஷூ நினைக்கவே இல்லை. கட்டியை எடுத்தது கத்தி. மூலிகை வலியைத் தாங்க வைத்தது, களிம்பு புண்ணை ஆற்றியது. துணை என்பது வேறு, சிகிச்சை என்பது வேறு. அந்த வித்தியாசம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கான் பிழைத்தாரா?

ஆபரேஷன் வெற்றி. ஆனால் கான் அடுத்த 1805-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே காலமானார். செய்ஷூவிடம் வந்த மற்றவர்களிலும் சிலர் சில நாட்களில் இறந்தார்கள். சிலரோ பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அதே கத்தி, அதே கஷாயம், அதே கை. பின் ஏன் இந்த வித்தியாசம்?

நோய் எவ்வளவு முற்றியபின் வந்தார்கள் என்பது ஒரு காரணம். மார்புப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல என்பது இன்னொரு காரணம். மெதுவாக வளரும் வகை உண்டு. புலிப் பாய்ச்சலாய்ப் பாயும் வகையும் உண்டு. பாயும் வகையில் ஒன்றை டாக்டர்கள் டிரிப்பிள் நெகட்டிவ் என்கிறார்கள். மற்ற வகைகளில், மருந்து போய்ப் பற்றிக்கொள்ளும் மூன்று பிடிகளில் ஒன்றாவது கட்டியில் இருக்கும். இதில் மூன்றுமே இல்லை. ஆகவே அந்தப் பிடிகளைக் குறிவைக்கும் மருந்துகள் இதில் பலிப்பதில்லை.

இந்த வகைக்கும் இப்போது வழி திறந்து வருகிறது. உடம்பின் சொந்தக் காவல் சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசி மருந்து ஒன்றை, இதன் ஆரம்ப நிலையிலேயே கொடுக்க 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. வழக்கமான புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்தே அதைக் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றான பாக்ளிடாக்செல் மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். 1962-ல் அமெரிக்கக் காட்டில் யூ என்ற மரத்தின் பட்டையை உரித்து ஆராயத் தொடங்கினார்கள். மார்புப் புற்றுக்கு அது மருந்தாக அனுமதி பெற்றது 1994-ல். பட்டையை இடித்துக் குடித்தால் அது மருந்தல்ல, விஷம். சத்தைப் பிரித்து, அளவு கண்டு, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தபிறகே நரம்பில் ஏற்றுகிறார்கள்.

ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வந்திருந்தால், அது வம்ச வழியாக வருகிறதா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும் இன்று முடியும். கானின் குடும்பத்துக்கு அந்த வசதி இருக்கவில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கிறது. மார்பில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சிகிச்சைக் காலத்தில் நல்ல உணவு, முடிந்த அளவு நடை, மன ஆறுதல் எல்லாமே துணை. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. சில மூலிகைகள் டாக்டர் கொடுக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

செய்ஷூ 1835-ல், 75-ஆம் வயதில் காலமானார். ஜப்பான் தன் கதவை வெளிநாட்டாருக்குத் திறந்தது 1854-ல். அதற்குள் ஈதரும் குளோரோபாரமும் உலகமெங்கும் பரவிவிட்டன. ஊமத்தைக் கஷாயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அவருடைய வீடும் பள்ளியும் ஊரில் புதுப்பிக்கப்பட்டு நிற்கின்றன. ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் ஜப்பானிய டாக்டர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் சின்னத்தில் இருப்பது ஊமத்தம்பூ.