குருதட்சணை செலுத்திய தாவரவியலறிஞர்

வித்து முளைத்து மரமாவதை நாம் நாள்தோறுங் காண்கின்றோம். அவ்வித்தினுள் முளையம் எவ்வாறு உருவாயிற்று என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதனை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பேராசிரியர் பஞ்சானன் மகேசுவரி. அவர்தம் வரலாறு இளைஞராகிய எமக்கு நல்லதொரு பாடமாகும்.

மகேசுவரி 1904ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி ஜெய்ப்பூரிற் பிறந்தார். அலகாபாத்திலுள்ள யூயிங் கிறித்தவக் கல்லூரியில் உயர்கல்வி பெற்றார். அங்கு அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் வின்பீல்ட் டட்ஜன் என்னும் அமெரிக்க மிஷனரி. தம் மாணாக்கன் தம்மை விஞ்சுவானாயின் அதுவே தமக்குப் பெருமகிழ்ச்சி என அவர் ஒருமுறை கூறினாராம். அவருக்குத் தாம் செய்யத்தக்க கைம்மாறு யாது என மகேசுவரி வினவினார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவருக்குச் செய்தலே போதும் என்பது ஆசிரியரின் மறுமொழி. வேற்றுச் சமயத்தவர் கேட்ட குருதட்சணை அது. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்போன்றோர் இதன் பொருளை நன்குணர்வோம்.

1931இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்ற மகேசுவரி, ஆக்ரா, அலகாபாத், இலக்னோ ஆகிய நகரங்களிற் கற்பித்தார். 1939இல் டாக்காப் பல்கலைக்கழகஞ் சென்றார். நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1949இல், டில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியற் பகுதியின் தலைமையை ஏற்றார். 1950இல் வெளிவந்த அவருடைய பூக்குந் தாவர முளையவியல் நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. 1951இல் தாவர உருவவியலாளருக்கென ஓர் அனைத்துலகச் சங்கத்தையும் நிறுவினார்.

அவர் ஆராய்ந்த பொருளைச் சிறிது விளக்குவோம். மகரந்தமணி சூலகமுடியில் வீழ்ந்து, அங்கிருந்து ஒரு குழாயை உள்ளே செலுத்தும். அக்குழாய் கொண்டுசெல்லும் ஆண் கருக்கள் இரண்டு. ஒன்று முட்டையுடன் சேர முளையம் உண்டாகும். மற்றையதன் சேர்க்கையால் அம்முளையத்துக்குரிய உணவு இழையம் உண்டாகும். நாம் உண்ணுந் தேங்காய்ப் பருப்பு அத்தகைய உணவே. இவையாவும் சூல்வித்தின் மறைவில் நிகழ்வன. ஆதலின், சூல்வித்தை மிக மெல்லிய சீவல்களாக அரிந்து, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே அக்கால ஆய்வுமுறையாக இருந்தது.

அரிந்து பார்த்தலோடு மகேசுவரி அமைந்தாரல்லர். சோதனைக்குழாயில் வளர்த்தும் பார்க்கத் துணிந்தார். 1962இல் அவரும் குசும் காந்தா, ரங்கசுவாமி ஆகியோரும் அபின் செடியின் சூல்வித்துக்களைச் சூலகத்திலிருந்து வெளியே எடுத்து, ஊட்டப்பொருள் நிறைந்த வளர்ப்பூடகத்தில் வைத்து, அவற்றின் மீது மகரந்தத்தைத் தூவினர். தாய்ச்செடிக்குப் புறம்பே கருக்கட்டல் நிகழ்ந்து வித்துக்கள் விளைந்தன! சூலகமுடி ஏற்க மறுக்கும் மகரந்தத்தையுஞ் சூல்வித்திற் சேர்க்க இதனால் வழி பிறந்தது.

1964இல் மற்றுமோர் அற்புதம் வெளிப்பட்டது. அவருடைய பகுதியைச் சேர்ந்த சிப்ரா குகா, ஊமத்தை இனச் செடியொன்றின் மகரந்தக்கூடுகளை வளர்ப்பூடகத்தில் இட்டிருந்தார். அவற்றிலிருந்து முளையங்கள் வெளிவந்தன. அவை மகரந்தமணிகளிலிருந்தே தோன்றியவை. ஆதலின் வழக்கமான நிறமூர்த்தங்களிற் பாதியே உடையவை. நிறமூர்த்தங்களை இரட்டித்தால் இத்தகைய செடி ஒரே தலைமுறையிற் றூய வழியாகின்றது. பல தலைமுறை காத்திருந்து பெறவேண்டியதை இவ்வாறு விரைவிற் பெறலாமென்பதால், நெல், வாற்கோதுமை ஆகியவற்றின் புதிய இனங்களை ஆக்குவோர் இம்முறையை இன்றுங் கையாளுகின்றனர்.

1965இல் இலண்டன் றோயல் சங்கம் மகேசுவரியைத் தன் அங்கத்தவராக்கிச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டே, மே 18ஆந் திகதி, தமது 61ஆம் வயதில் அவர் காலமானார்.

சோதனைக்குழாய்க் கருக்கட்டற் கண்டுபிடிப்பில் அவர் பெயரோடு மாணவர் பெயரும் நிற்கின்றது. கற்ற கல்வியைத் தமக்கென்றே பூட்டிவைப்போர் எம்மிடையேயும் உளர். அன்பர்காள், எமக்குக் கற்பித்தோருக்கு மாலைசூட்டிப் பாராட்டுவதோடு எம் கடன் தீர்ந்துவிடாது. எமக்கு இளையோர் ஒருவரையேனும் எம்மிலும் உயரச் செய்வோமாயின் அன்றே அது தீர்ந்ததாகும்.