புண்படுத்தாத சிரிப்பு

அரியாங்குப்பத்துத் தேநீர்க் கடையிலே ஒருவர் வேடிக்கையாகப் பேசினால் பெஞ்சு முழுவதும் சிரிப்பு. கடலூர்ச் சாலையோரத்துக் கூட்டத்திலே ஒரு பேச்சாளர் மாற்றாரை ஏசினால் அங்கேயும் சிரிப்பு. இரண்டும் சிரிப்புத்தான். ஆனால் கூட்டம் கலைந்து வீடு திரும்புகிறபோது, கேட்டவன் நெஞ்சிலே மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். உழைத்துக் களைத்தவனைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்போடு சிந்தனையையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பியவர். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே பிறந்தார். தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். செல்வம் கொழித்த குடும்பமல்ல. வறுமை வாட்டிய குடும்பம். பள்ளிப் படிப்பு தொடக்கத்திலேயே முடிந்தது. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றான் அந்தச் சிறுவன். விற்றது வயிற்றுக்காக, பார்த்தது நாடகம். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு அவனுக்கு இலக்கணமாயிற்று, கொட்டகை கல்லூரியாயிற்று. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே சேர்ந்தார், நடிகரானார். வில்லுப்பாட்டையும் மறக்கவில்லை, காந்தியடிகளின் வரலாற்றையே வில்லிலே இசைத்துக் காட்டினார்.

1935இல் ‘மேனகா’, 1936இல் ‘சதிலீலாவதி’ என்று திரைப்படத்திலே கால் வைத்தார். அந்நாளில் படத்திலே நகைச்சுவை என்றால் ஊறுகாய் மாதிரி. முகத்தைக் கோணுவது, இடறி விழுவது. கிருஷ்ணன் அந்த வழியை மாற்றினார். தமக்கான காட்சிகளைத் தாமே எண்ணி, தாமே எழுதி, தம் குழுவினரைக் கொண்டே உருவாக்கினார். வாழ்க்கைத் துணையாகவும் திரையிலே இணையாகவும் டி.ஏ. மதுரம் வாய்த்தார். இருவர் பேச்சும் பாட்டும் இசைத்தட்டேறின, வானொலியிலே ஒலித்தன, கொட்டகை காணாத சிற்றூருக்கும் சென்றன.

எதைக் கண்டு சிரித்தார் அவர்? நொண்டியைக் கண்டா? குருடனைக் கண்டா? கிழிந்த வேட்டியைக் கண்டா? இல்லை! சாதியைக் கண்டு சிரித்தார். மூடப்பழக்கத்தைக் கண்டு சிரித்தார். குடியைக் கண்டு சிரித்தார். ஏழையைக் கண்டு சிரிக்கவில்லை.

‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் கதையை எல்லோரும் அறிவர். தில்லை காணத் துடித்தவர் அவர். கிந்தனோ பள்ளிக்கூடம் காணத் துடிக்கிறான். தாழ்த்தப்பட்ட சிறுவன் இரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்புகிறான். பழைய காலட்சேப மெட்டு, புதிய செய்தி. கேட்டவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தனர். சிரித்து முடித்தபின், நம் தெருப் பிள்ளை ஏன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்று எண்ணினர். அண்ணா எழுதி 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே இந்தக் காலட்சேபம் நாடெங்கும் பரவியது.

இத்தகையவருக்கு வந்தது பேரிடி. 1944 நவம்பரில் சென்னையிலே லட்சுமிகாந்தன் என்ற மஞ்சள் பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கிலே தியாகராச பாகவதரும் கிருஷ்ணனும் சிக்கினர். 1945இல் ஆயுள் தண்டனை! வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். ஏறத்தாழ முப்பது திங்கள் சிறை! செல்வம் கரைந்தது. நாடகக் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும். பாகவதரால் பழைய உயரத்தை மீண்டும் எட்ட முடியவில்லை. கிருஷ்ணனோ மறுபடியும் மேடை ஏறினார், கசப்பைக் கொட்டவில்லை. அதே ஆண்டில்தான் பம்மல் சம்பந்த முதலியார் கையால் ‘கலைவாணர்’ பட்டம் பெற்றார்.

1951இல் கலைக்குழுவோடு சோவியத் நாடு சென்று வந்தார். அதே ஆண்டு ‘மணமகள்’, அடுத்த ஆண்டு ‘பணம்’ படங்களை இயக்கினார். ‘பணம்’ படத்திற்கு வசனம் தீட்டியவர் கலைஞர்.

அவரை எந்தக் கட்சியின் பெட்டியிலே பூட்டுவது? பெரியாரை மதித்தார். அண்ணாவோடு பழகினார். பொதுவுடைமைத் தோழர் ஜீவாவும் அவருக்கு நண்பர். நாகர்கோவிலிலே காந்தியடிகளுக்கு நினைவுத் தூணும் எழுப்பினார். அவர் நமக்கு மட்டும் உரியவர் என்று முழங்குவது அவரைச் சிறிதாக்குவதாகும்.

1957 தேர்தலிலே காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரிலே நல்ல பெயர் எடுத்த மருத்துவர். அண்ணாவுக்காகப் பேச வந்த கலைவாணர் அந்த மருத்துவரின் கைராசியையும் நல்ல குணத்தையும் புகழ்ந்துகொண்டே போனாராம். கூடியிருந்தோர் திகைத்தனர். கடைசியில்தான் முடிச்சை அவிழ்த்தாராம்: இப்படிப்பட்ட மருத்துவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிவிட்டால் நோய் வந்தால் எங்கே போவீர்கள்? அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று! அரங்கம் அதிர்ந்தது. மருத்துவர் மீது ஒரு கீறல்கூட விழவில்லை. அண்ணா வென்றார். இந்தக் கதையை நம் பேச்சாளர்கள் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறோம். சொல்லிய வாயே அடுத்த நொடியில் மாற்றாரின் தாயையும் மனைவியையும் இழுக்கிறதே, அது என்ன நியாயம்?

அந்த ஆண்டே, ஆகஸ்ட் 30ஆம் நாள், சென்னையிலே கலைவாணர் மறைந்தார். வயது 48. வந்ததையெல்லாம் வாரி வழங்கியவர். தமக்கென வைத்துக்கொண்டது கொஞ்சமே.

1969 சனவரி 14ஆம் நாள், நோயால் நலிந்த முதலமைச்சர் அண்ணா தியாகராயநகரிலே கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். அண்ணாவின் கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. மூன்று வாரம் முடியுமுன் அவரும் மறைந்தார். சென்னையிலே அரசு அரங்கம் ஒன்றும் கலைவாணர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொரோனாக் காலத்தில், 2020இலும் 2021இலும், தமிழ்நாட்டுச் சட்டமன்றமே அந்த அரங்கத்தில் கூடியது. தின்பண்டம் விற்ற சிறுவனின் பெயர் பூண்ட கூரையின் கீழ் சட்டம் இயற்றினர்!

தோழர்களே! சிலைக்கு மாலை போடுவது எளிது. அடுத்த கூட்டத்திலே ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது, நாம் சிரிக்க வைக்கப் போவது கொடுமையைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா என்று ஒரு கணம் எண்ணுங்கள். அதுவே கலைவாணருக்கு நாம் சூட்டும் மாலை.