அல்பீரூனியின் கடைசிப் பாடம்

அல்லாமா அபூ ரைஹான் அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகர்ப்புறத்தில் பிறந்தார்கள். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்ஸூர் அவர்களே அவர்களுடைய கணித உஸ்தாத்.

சுமார் 1000-ஆம் ஆண்டில், ஜுர்ஜான் மன்னர் காபூஸின் ஆதரவில் இருந்தபோது, ‘அல் ஆஸாருல் பாகியா’ என்னும் கித்தாபை எழுதினார்கள். பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளைச் சொல்லும் நூல் அது. அதனுள் சதுரங்கப் பலகையின் கணக்கும் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு? கட்டத்துக்கு ஒரு மணி மட்டும் கூட்டிப் போனால் எல்லாம் சேர்ந்தே 2,080 மணிதான். இரட்டித்தாலோ 1,84,46,74,40,73,70,95,51,615!

இதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளிது. ஐந்தாம் கட்டத்தில் இருப்பது 16. அதை அதனாலேயே பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டத்தின் தொகை. இப்படியே பெருக்கினால் 17-க்கும், 33-க்கும், இல்லாத 65-ஆம் கட்டத்துக்கும் தாவிவிடலாம். அதில் ஒன்றைக் கழித்தால் விடை. நான்கே பெருக்கல்கள்!

1017-ல் கஸ்னி சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றி அவர்களையும் அழைத்துச் சென்றார். அங்கிருந்தபடி சமஸ்கிருதம் கற்று, இந்தியாவைப் பற்றிப் பெரியதொரு நூல் செய்தார்கள்.

சுமார் 1048-ல் கஸ்னியில் அவர்களுக்கு ஸக்கராத் நேரம். அப்போது நடந்ததை யாகூத் என்னும் சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பார்க்க வந்த வல்வாலிஜி என்னும் பிக்ஹு அறிஞரிடம், முன்பொரு நாள் பேசிய ‘ஜத்தா பாஸிதா’ கணக்கைச் சொல்லுமாறு கேட்டார்கள். இந்த நிலையிலா என்று அவர் இரக்கத்தோடு தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேலல்லவா என்று இவர்கள் மறுத்துச் சொன்னார்கள்.

அது பராயிளில் பாட்டிமார் பற்றிய பாடம். ஓதும் காலத்தில் நாமும் இதில் திணறியதுண்டு. இரு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் வந்தால், அந்தப் பாட்டி பாஸிதா. அவருக்குக் குறிப்பிட்ட பங்கு இல்லை. உம்மாவின் உம்மா, வாப்பாவின் உம்மா ஆகிய இருவரும் பங்குக்கு உரியவர்கள். அடுத்த தலைமுறையில் பாட்டிமார் நால்வர். உம்மாவின் வாப்பாவைப் பெற்றவர் நீங்கலாக மூவர் உரியவர். அதற்கும் மேலே எண்மரில் நால்வர். (யார் இருந்தால் யாருக்குக் கிடைக்காது என்பது வேறு பாடம்.) வீட்டில் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரை முதல் தலைமுறையாக வைத்தால் பத்தாம் தலைமுறையில் பாட்டிமார் 512. உரியவர் பத்தே பேர். ஒன்று ஒவ்வொன்றாகக் கூடுகிறது, மற்றது இரட்டிக்கிறது. இளமையில் பலகையில் எண்ணிய அதே இரட்டிப்பு, மௌத்தின் வேளையில் பாட்டிமார் வரிசையில் வந்து நின்றதாகவே நமக்குப் படுகிறது.

வல்வாலிஜி சொல்லிக் கொடுத்தார். அல்பீரூனி அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி மனனம் செய்துகொண்டார்கள். விடைபெற்று வெளியே வந்தவர் இன்னும் தெருவில்தான் இருந்தார். அதற்குள் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.