வாளின் உண்மையைச் சொன்னவர்

குழந்தைகளே! வண்ணக் காகிதத்தை மடித்துக் கொக்கு, படகு எல்லாம் செய்திருப்பீர்கள். அந்தக் கலைக்கு ஓரிகாமி என்று பெயர். ஜப்பானிய மொழியில் ஓரி என்றால் மடிப்பு. காமி என்றால் காகிதம். ஆனால், ஒரு பொருள் ஓரிகாமியோடு இருக்கிறது என்று ஜப்பானியர் சொன்னால், அது காகிதக் கொக்கைப் பற்றிய பேச்சு அல்ல. அந்தப் பொருள் தரமானது, நம்பி வாங்கலாம் என்று அர்த்தம்.

இந்த வழக்குக்கும் பழைய வாள்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வாள்களைச் சோதித்து, மடித்த காகிதத்தில் சான்று எழுதிக் கொடுத்த குடும்பம் ஒன்று கியோட்டோ நகரில் இருந்தது. அதன் பெயர் ஹொன்னாமி. அந்தக் குடும்பத்தில் பிறந்து பெரும்புகழ் பெற்றவர்தான் கோயெட்சு.

மூன்று வேலைகள்

கோயெட்சு 1558-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கோஜி, தாய் மியோஷு. குடும்பத் தொழிலில் மூன்று வேலைகள் இருந்தன. வாளைச் சாணை பிடிப்பது ஒன்று. துடைத்துத் துருப்பிடிக்காமல் காப்பது இரண்டு. வாள் உண்மையானதா, போலியா என்று கண்டறிவது மூன்று.

அந்தக் காலத்தில் ஜப்பானியப் பிரபுக்களுக்குள் ஓயாத சண்டை. வாள் வெறும் ஆயுதமாக மட்டும் இருக்கவில்லை. வெற்றி பெற்ற வீரனுக்கு வாள்தான் பரிசு. பிரபுக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட அன்பளிப்பும் வாள்தான். அதிலும் 1300-களின் தொடக்கத்தில் வாழ்ந்த மாசமுனே என்ற கொல்லர் செய்த வாள் என்றால், போட்டி போட்டுக்கொண்டு சேகரித்தார்கள்.

விலை உயர்ந்த பொருள் என்றால் போலியும் வந்துவிடும் அல்லவா? சாதாரண வாளில் பெரிய கொல்லரின் பெயரைப் பொறித்து விற்றவர்கள் இருந்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கொல்லர் தம் பெயரைப் பொறிப்பது, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான். நீளமான பழைய வாள்களைப் பிற்காலத்தில் அந்தப் பக்கமாகவே வெட்டிக் குறைத்தார்கள். அப்போது பெயரும் போய்விட்டது. மாசமுனேயோ பெரும்பாலும் பெயரே பொறிக்காதவர்!

பெயர் இருந்தால் உடனே நம்ப முடியாது. பெயர் இல்லாவிட்டால் ஒதுக்கவும் முடியாது. பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வாளைப் படிப்பது எப்படி?

கொல்லர் எஃகைக் காய்ச்சி அடித்து, மடித்து, மறுபடியும் அடிப்பார். இப்படிப் பலமுறை செய்வதால், மரப்பலகையில் தெரிவது போன்ற வரிகள் வாளின் மேல் உண்டாகும். பிறகு வாளின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும், வெட்டும் ஓரத்தில் மெல்லியதாகவும் பூசுவார். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். வெட்டும் ஓரம் சட்டென்று குளிர்ந்து மிகவும் கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்வதால் சற்று மென்மையாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான அலைக்கோடு ஒன்று தோன்றும்.

உங்கள் வகுப்பில் ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதல்லவா? அதுபோலவே ஒவ்வொரு கொல்லரின் வரிகளும் அலைக்கோடும் வேறுபடும். கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியின் துருவும் வயதைச் சொல்லும். பல நூறு ஆண்டுத் துரு கறுத்து, ஆழ்ந்து படிந்திருக்கும். புதிய துரு அப்படி இருக்காது. சாணைக் கல்லில் நாள்தோறும் வாளைத் தேய்ப்பவருக்கு இவை எல்லாம் மனப்பாடம். இந்தக் கல்வியில்தான் கோயெட்சு வளர்ந்தார்.

கோபத்துக்கு அஞ்சாத குடும்பம்

உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. அதை அஞ்சாமல் சொல்வது இன்னொரு குணம். இதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி ஹொன்னாமி குடும்பக் குறிப்புகளில் இருக்கிறது.

குடும்பத்தின் மூத்தவரான கோசெட்சுவிடம் மாபெரும் தலைவரான தொகுகாவா இயேயாசு ஒரு குறுவாளைக் காட்டினாராம். மாசமுனே செய்தது என்று அவர் போற்றி வைத்திருந்த வாள் அது. கோசெட்சு பார்த்தார். அது தீயில் கெட்டுப்போய், பிறகு மறுபடியும் காய்ச்சித் தோய்க்கப்பட்ட வாள், இனிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். தீயில் வெந்த வாள் தன் கடினத்தை இழந்துவிடும். மறுபடி தோய்த்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பழைய கொல்லரின் கைவேலை அதில் இருக்காது. வாளோடு பழைய மன்னர் எழுதிய கடிதமும் இருக்கிறதே என்றார் இயேயாசு. அந்த மன்னர் வாளைச் சோதிக்கத் தெரிந்தவர் என்று தாம் கேள்விப்பட்டதில்லை என்றார் கோசெட்சு. இயேயாசுவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கோசெட்சு சொன்ன சொல்லை மாற்றவில்லை.

தாய் மெச்சிய மகன்

கோயெட்சுவும் அப்படித்தான். ஒருமுறை தேநீர்ப் பொடி வைக்கும் சிறு பீங்கான் ஜாடி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டார். விலை 30 பொற்காசுகள். விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தும் அவர் சம்மதிக்கவில்லை. அந்த ஜாடியின் மதிப்பு 30 என்றால் 30-தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வீட்டை விற்றார், போதாததற்குக் கடன் வாங்கினார், முழு விலையையும் கொடுத்தார்.

பிறகு, தம் குடும்பத்தை ஆதரித்த மயேதா பிரபுவிடம் அதைக் காட்டினார். மகிழ்ந்துபோன பிரபு நிறைய வெள்ளிக் காசுகள் கொடுக்க முன்வந்தார். கோயெட்சு பணிவோடு மறுத்துவிட்டார். வலிய வந்த பணத்தை விடலாமா என்று மற்றவர்கள் அங்கலாய்த்தார்கள். தாய் மியோஷு மட்டும், மகன் செய்ததுதான் சரி என்று மகிழ்ந்தார்.

விலை சொல்லும் தொழிலில் இருப்பவர் பணத்துக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும்? அவர் எழுதும் சான்றை யார் நம்புவார்கள்?

கலைகளின் ஊர்

1615-ஆம் ஆண்டு இயேயாசு, கியோட்டோவின் வடக்கே தகாகாமினே என்ற இடத்தில் கோயெட்சுவுக்கு நிலம் கொடுத்தார். அங்கே கைவினைஞர்களோடு அவர் குடியேறினார். அழகிய கையெழுத்துக் கலையில், அந்தக் காலத்தின் தலைசிறந்த மூவரில் ஒருவராகப் பெயர் பெற்றார். அவர் தம் கையால் செய்த தேநீர்க் கிண்ணம் ஒன்றின் மேற்பாதி வெண்மை, கீழ்ப்பாதி கருமை. பனி மூடிய மலை போல இருப்பதால் அதற்கு ஃபூஜி மலை என்றே பெயர். இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம்.

1637-ஆம் ஆண்டு, ஏறக்குறைய 80 வயதில் கோயெட்சு மறைந்தார். குடும்பத் தொழில் தொடர்ந்தது. 1719-ஆம் ஆண்டு, நாட்டின் புகழ்பெற்ற வாள்களைப் பட்டியல் இடச் சொல்லி அன்றைய ஆட்சியாளர் யோஷிமுனே கட்டளையிட்டதும் ஹொன்னாமி குடும்பத்துக்குத்தான். 2024-ஆம் ஆண்டு டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் கோயெட்சுவுக்காகவே ஒரு சிறப்புக் கண்காட்சி நடத்தியது.

அடுத்த முறை காகிதத்தை மடிக்கும்போது இந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மடித்ததும் சாதாரணக் காகிதம்தான். எழுதியவரின் நேர்மையால் அதற்கு மதிப்பு வந்தது.