சவேரியாரைக் கலங்க வைத்த கேள்வி

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அவர் வரலாற்றை எழுதப் புகுந்த எங்களை ஒரு கேள்வி மறித்தது. தம் மதிய உணவில் பாதியை எங்களுக்குத் தரும் தோழியர் பலர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். உலக முடிவில் அவர்கள் கதி என்ன?

பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் நவார் நாட்டுக் கோட்டையொன்றில் பிறந்தார். பாரிசில் கற்று, இஞ்ஞாசியாரோடு சேர்ந்து, 1542-இல் கோவா வந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறையை அடைந்தார். தமிழ் எளிதில் வரவில்லை. செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்தே கை சோர்ந்ததாக எழுதியிருக்கிறார். ஏன் இத்தனை அவசரம்? அது பெறாதோர் நரகம் சேர்வர் என்று அக்காலத்தார் பலரைப் போல அவரும் நம்பினார்.

1549-இல் ஜப்பான் சென்றார். அங்கே வேதத்தில் சேர்ந்தோர், இறந்துபோன தாய் தந்தையர், பாட்டன் பூட்டன் நிலையைக் கேட்டனர். அவர்களுக்கு மீட்பில்லை என்றார். அம்மக்கள் அழுதனர். அதைக் கண்டு தாமும் வருந்தியதை, 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. ஆனால் கொலையும் களவும் தீதென யாரும் கற்பிக்காமலே மனிதர் அறிவர், கடவுள் சட்டம் எல்லார் உள்ளத்திலும் உண்டு என்றும் அம்மக்களுக்குச் சொல்லியிருந்தார். இவ்விரு பதில்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கேள்வி மிகப் பழையது. முடிவுகாலம் பற்றி யூதர் எழுதிய ஏனோக்கு நூலின் ஒரு காட்சியில் பிற இனத்தார் காட்டு விலங்குகளாய் வருகின்றனர். கடைசியில் எஞ்சியவை அனைத்தும் வெள்ளைக் காளைகளாக மாறுகின்றன! எத்தியோப்பியாவில் காக்கப்பட்ட அந்நூல் 1773-இல்தான் ஐரோப்பா சேர்ந்தது. சவேரியார் அதைப் படித்திருக்க முடியாது. எஸ்ரா பெயரில் வந்த யூத நூலிலோ, மீட்புப் பெறுவோர் சிலரே என்று கேட்டு எஸ்ரா அழுகிறார். அருளப்பரின் திருவெளிப்பாட்டில் எதிர்த்து வந்த இனங்களை நெருப்பு விழுங்குகிறது. அடுத்த அதிகாரத்திலேயே இனங்கள் புதிய எருசலேமின் ஒளியில் நடக்கின்றன. அந்நகரின் வாயில்கள் அடைக்கப்படுவதேயில்லை.

எங்கள் அய்யலூர் வியாழச் சந்தையில் செம்மறியும் வெள்ளாடும் கலந்து நிற்கும். மத்தேயு காட்டும் தீர்வை நாளில் எல்லா இனத்தாரும் ஆடுகளைப் போலப் பிரிக்கப்படுகின்றனர். அங்கே பார்க்கப்படுவது, பசித்தவனுக்கு உணவு கொடுத்தார்களா என்பதே. 1964-இல் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவராயினும் மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுவோர் மீட்படைய முடியும் என்று எழுதிவைத்தது. ஜப்பானியர் அழுது நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சவேரியார் அடுத்து நாடியது சீனா. அன்று அந்நியருக்கு அந்நாட்டின் கதவு அடைத்திருந்தது. அழைத்துப் போவதாகச் சொன்ன வணிகனின் படகுக்காகச் சான்சியன் தீவில் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-இல், கரையோரக் குடிசையில் உயிர்நீத்தார். அருகில் இருந்தவர் அந்தோணி என்ற சீன இளைஞர்.